அட்டையில் வரும் பணம்: கழிவு போகக் கைக்கு எவ்வளவு?

பால்மரம் வெட்டுவோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. வாளியில் உள்ள பால் முழுவதும் ரப்பராகிவிடாது. நீர் போக எஞ்சும் உலர்ந்த ரப்பருக்கே விலை உண்டு. அதனால்தான் பாலை நிறுக்கும்போது அதன் உலர்ரப்பர் விகிதத்தையும் பார்க்கின்றனர். கடை நடத்துவோர்க்கும் இதே கணக்குப் பொருந்தும். வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை வேறு; கழிவு போகக் கடைக்காரர் கைக்கு வரும் தொகை வேறு.

தோட்டத்து வருமானத்தோடு ஒரு சிறுகடையும் இருந்தால் நலம் என்று எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகையோருக்குச் சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரம் நல்ல பாடமாகும். மலாய் மொழியில் ‘செங்குன்று’ எனப் பொருள்படும் அவ்வட்டாரத்தில், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளக் கடைகளும் ரெட்ஹில் போன்ற உணவங்காடி நிலையங்களும் உள்ளன. இத்தகைய சிறுகடைகளுக்கும் ரொக்கமில்லா வணிகம் படிப்படியாக வந்து சேர்ந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் செலுத்தும் ‘நெட்ஸ்’ அமைப்பை உள்ளூர் வங்கிகள் 1985-இல் நிறுவின. 2017-இல் ‘பேநவ்’ தொடங்கியது. 2018 செப்டம்பரில், பல நிறுவனங்களின் குறியீடுகளை ஒன்றாக்கிய ‘எஸ்ஜிகியூஆர்’ அறிமுகமாயிற்று. 2020 ஜூனில், உணவங்காடிக்காரர்களை இம்முறைக்குக் கொண்டுவர அரசாங்கம் தனித் திட்டமே வகுத்தது.

கடன்பற்று அட்டையில் நடப்பது என்ன? வாடிக்கையாளர் அட்டையைக் கருவியில் காட்டியதும், கடைக்காரருக்குச் சேவை வழங்கும் நிறுவனம் அச்செய்தியை விசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை அமைப்பின் வழியாக அட்டை வழங்கிய வங்கிக்கு அனுப்புகிறது. அவ்வங்கி இசைவு தந்தால் விற்பனை முடிகிறது. இம்மூவரும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்வதே கழிவு எனப்படும். அட்டை அமைப்பு, அட்டை வழங்கிய வங்கி ஆகிய இருவர் பங்கையும் சிறுகடைக்காரர் குறைக்க இயலாது. சேவை நிறுவனத்தின் பங்கையே அவர் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முடியும்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். விளம்பரத்தில் எந்த விழுக்காடு குறைவாக உள்ளதோ அதையே மலிவென எண்ணிவிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டை நாம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் நிறுவனம் 2.5 விழுக்காடு கேட்கிறது. வேறு கட்டணம் இல்லை. இரண்டாவது நிறுவனம் 1.5 விழுக்காடுதான் கேட்கிறது. ஆயினும் ஒவ்வொரு விற்பனைக்கும் 10 காசும், கருவிக்கு மாதம் 20 வெள்ளி வாடகையும் உண்டு. ஓர் உணவுக்கடையில் மாதம் 520 பேர் தலைக்கு 5 வெள்ளி அட்டையில் செலுத்துகின்றனர் என வைத்துக்கொள்வோம். மொத்த விற்பனை 2,600 வெள்ளி. முதல் நிறுவனத்துக்குப் போவது 65 வெள்ளி. இரண்டாவதற்கு 39, 52, 20 ஆகியவை சேர்ந்து 111 வெள்ளி! அதே 2,600 வெள்ளியை ஒரு தையற்கடை, தலைக்கு 100 வெள்ளியாக 26 பேரிடம் பெறுமானால், முதல் நிறுவனத்துக்கு அதே 65 வெள்ளி. இரண்டாவதற்கோ 61 வெள்ளி 60 காசுதான். உணவுக்கடைக்கு நட்டமானது தையற்கடைக்கு இலாபமாகிறது. ஆகவே, அண்டைக் கடைக்காரர் எதை வைத்திருக்கிறார் என்று பார்ப்பதைவிட, நம் கடையில் ஒருவர் சராசரியாக எவ்வளவுக்கு வாங்குகிறார் என்று பார்ப்பதே முறை.

கையொப்பமிடுமுன் இன்னும் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். விற்ற பணம் எத்தனை நாளில் வங்கிக் கணக்கில் சேரும்? நாளைக்குச் சரக்கு வாங்க இன்றைய பணத்தையே நம்பியிருப்போருக்கு இது மிக முக்கியம். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? இடையில் விலகினால் தண்டம் உண்டா? வாடிக்கையாளர் பின்னர் மறுப்புத் தெரிவித்தால், பணத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்களா? இவற்றுக்கு வாய்ச்சொல் போதாது, எழுத்தில் பெறுக. ஒப்பந்தத்தின் மொழி விளங்காவிடில், விளங்கியவர் ஒருவரைப் படித்துச் சொல்லச் செய்க.

அந்நிறுவனம் உரிய அனுமதி பெற்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூரில் 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த கட்டணச் சேவைச் சட்டத்தின்படி இத்தொழிலை நாணய ஆணையம் கண்காணிக்கிறது. மலேசியாவில் அப்பொறுப்பு பேங்க் நெகாராவைச் சாரும்.

தொடக்கத்திலேயே கடன்பற்று அட்டைக் கருவி வேண்டுமென்பதும் இல்லை. சிறுதொகை வணிகத்துக்குக் கியூஆர் குறியீடே பல வேளைகளில் போதும். அதன் கழிவும் பெரும்பாலும் குறைவு. 2023 மார்ச் முதல் மலேசியாவின் ‘டுயிட்நவ்’ குறியீடும் சிங்கப்பூரின் ‘நெட்ஸ்’ குறியீடும் இணைக்கப்பட்டுள்ளதால், எல்லை கடந்து வரும் வாடிக்கையாளரும் அவற்றின்வழி செலுத்தலாம். ஆனால் அவர் காட்டும் கைப்பேசித் திரையை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடலாகாது. பணம் வந்ததை நம் கைப்பேசியிலோ கருவியிலோ உறுதி செய்தபின்னரே கொடுத்தல் வேண்டும். நம் குறியீட்டின்மேல் பிறர் தம் குறியீட்டை ஒட்டியிருக்கிறார்களா என்று நாள்தோறும் காலையில் பார்த்துக்கொள்வதும் நன்று.

கருவி புதியது, கணக்கோ பழையது. பால் நிறுவையின்போது கிராணியார் எழுதும் எண்ணை நாம் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறோமோ, அவ்வளவு கூர்ந்து மாத இறுதியில் கழிவுக் கணக்கையும் பார்ப்போமாக. உழைப்பின் பயன் ஒரு காசும் வீணாகாமல் வீடு வந்து சேரட்டும்.