வானத்துக் கண்ணும் மண்ணின் செவியும்

எரிமலை என்பது ஜப்பானுக்கும் இத்தாலிக்கும் உரிய விஷயம் என்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். நமது தேசத்திலும் அஃது உண்டு. ஸ்ரீ விஜயபுரம் என இன்று வழங்கும் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, சுமார் 138 கிலோமீட்டர் தூரத்தில், மனித வாசமற்ற பாரன் தீவு இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய அம்மலை 1991-ல் விழித்தது. 2017 ஜனவரியில் அது சாம்பல் கக்குவதைக் கோவா கடலாராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் கப்பலிலிருந்தே கண்டனர். 2025 செப்டம்பரிலும் அது குமுறிற்று.

இதனைக் காவல் புரிவது எங்ஙனம்? நமது இஸ்ரோவும் அமெரிக்காவும் கூடிச் சமைத்த நிசார் செயற்கைக்கோள், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. மேகத்தையும் இருளையும் ஊடுருவி, நிலம் சில சென்டிமீட்டர் புடைத்தாலும் அது காட்டிவிடும். பெருமைக்குரிய காரியமே. ஆயினும் அது ஒரே வழியில் திரும்பி வந்து நோக்க 12 தினங்கள் செல்லும். மலையோ சில மணி நேரத்தில் மாறவல்லது.

காஞ்சியை அடுத்த முசரவாக்கத்து நெசவாளியைக் கேளுங்கள். புடவையின் அழகைக் கண் காணும். இழை தளர்வதை விரலே முந்தி அறியும். எரிமலைக்கும் அவ்விரண்டும் வேண்டும்.

கொலம்பியாவில் 1985-ல் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை சுமார் 23,000 உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின், கையோடு கொண்டு செல்லத்தக்க கருவிகளுடன் எங்கும் விரையும் குழுவொன்றை அமெரிக்கர் அமைத்தனர். 1991-ல் பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகளுடன் அக்குழுவினர் பினடூபோ மலையைச் சுற்றி நிலநடுக்கமானிகளை நிறுவினர். கந்தக வாயுவையும் அளந்தனர். ஜூன் 15-ல் மலை வெடிக்குமுன் பல்லாயிரம் ஜனங்கள் அகற்றப்பட்டனர். குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது கணக்கு.

மறுபுறம் நோக்குவோம். இந்தோனேசியாவின் அனாக் கிரகடாவ் மலைச்சரிவு நகர்ந்து வந்ததைச் செயற்கைக்கோள் பதிவுகள் காட்டின. ஆனால் அவை ஆராயப்பட்டது, 2018 டிசம்பர் 22-ல் சரிவு கடலில் வீழ்ந்து, சுனாமி நானூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பின்னரே! கண் கண்டதை உடனே உரைக்க ஆள் இல்லாவிடில் கண்டும் பயனில்லை.

பாரன் தீவில் குடிகள் இல்லை என்று சர்க்கார் அசட்டையாயிருத்தல் தகாது. குடியில்லாமையே கருவிகளைச் சோதிக்க அதனைத் தக்க களமாக்குகிறது. நம் வாலிபர்கள் அங்கே பயிலட்டும். கருவிகள் நம் நாட்டிலேயே உருவாகட்டும். 2004 டிசம்பர் 26-ன் துயரத்தை நாகைக் கடற்கரை மறக்கவில்லை. எச்சரிக்கையின் விலை அற்பம். அஃதின்மையின் விலையை நாம் ஒருமுறை கொடுத்துவிட்டோம்.