மோவாய்க்கு ரண சிகிச்சை

பழவேற்காட்டுக்குச் செல்கிறவர்கள் சாதாரணமாக டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்ப்பார்கள். பருவம் வாய்த்திருந்தால் ஏரியில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூநாரைகளையும் பார்ப்பார்கள். நாம் போன காரியமும் அதுவே. ஆனால் பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்தை அடைந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் தாகத்துக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகு, பேச்சு பூநாரையை விட்டு மோவாய்க்கட்டைக்குத் தாவிவிட்டது.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நல்ல கண், படித்த பெண். மோவாய் மட்டும் உள்வாங்கியிருந்தது. இரண்டு இடங்களிலிருந்து புகைப்படம் திரும்பி வந்துவிட்டதாம். சென்னையில் ஓர் அழகு நிலையம் மோவாயைச் சீர்செய்து தருவதாக விளம்பரம் செய்திருந்தது. பெண்ணின் தம்பி அதைக் கைப்பேசியில் நமக்குக் காட்டினான்.

"படகு இஞ்சினை அடகு வெச்சாவது செஞ்சுடலாம்னு பார்க்கிறேன். இது நடக்கிற காரியமா, ஐயா?" என்று கேட்டார் தகப்பனார்.

உள்ளேயிருந்து கிழவியின் குரல் வந்தது: "வெள்ளைக்காரன் வித்தை நமக்கு எதுக்கு?"

ஆயாவுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சிதைந்த முகத்தைத் திருத்துவது வெள்ளைக்காரன் வித்தையே அல்ல. ஸுச்ருதர் காலத்திலேயே அறுந்த மூக்கை ஒட்டவைக்கும் முறை இந்நாட்டில் இருந்தது. 1792-ம் வருஷத்து யுத்தத்தில் மூக்கறுபட்ட கோவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, பூனாவுக்கருகில் ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலை மடித்துப் புது மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையொன்றில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்த கார்ப்பியூ என்ற ஆங்கில வைத்தியர், இருபது வருஷம் கழித்து, 1814-ல் தம் ஊரில் அதே முறையைக் கையாண்டார். மூக்கில் நாம் குரு, அவர்கள் சிஷ்யர்கள்!

மோவாய் எலும்பு விஷயத்தில் மட்டும் பெருமையை ஐரோப்பாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். அந்த எலும்பை அறுத்து முன்னுக்கு நகர்த்தும் முறையை 1942-ல் ஹோஃபர் என்பவர் விவரித்தார். வெளியே தழும்பு தெரியாமல் வாய்க்குள்ளேயே கீறிச் செய்யலாம் என்று 1957-ல் ஓப்வெகெஸர் காட்டினார். இன்று நடப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். கீழ்ப்பற்களின் வேர்களுக்குக் கீழே எலும்பை அறுத்து, முன்னே தள்ளி, டைட்டானியத் தகட்டாலும் திருகாணிகளாலும் பொருத்துவார்கள். இன்னொரு வழி, எலும்பை அறுக்காமல் அதன் மேல் ஸிலிகோன் துண்டு ஒன்றை வைத்துத் தைப்பது. இது சிறிய வேலை. ஆனால் அந்தத் துண்டு இடம் பெயரலாம், சீழ் பிடிக்கலாம், நாளடைவில் அடியிலுள்ள எலும்பையும் சற்றுக் கரைக்கலாம். ஊசியால் திரவத்தை ஏற்றி மோவாயைப் பருக்கச் செய்வதும் உண்டு. அது சில மாதங்களிலிருந்து ஓரிரு வருஷத்துக்குள் கரைந்துவிடும். பழகாத கை ஏற்றி, மருந்து ரத்தக் குழாயில் புகுந்துவிட்டால் தோலே அழுகிப் போகக்கூடும். கூந்தல் திருத்தும் கடையில் இதைச் செய்துகொள்வதைவிடச் சும்மா இருப்பது மேல்.

விளம்பரம் சொல்லாமல் விடுகிற விஷயம் சிகிச்சைக்குப் பிந்திய நாட்கள்தான். இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் நன்றாக வீங்கிவிடும். கண்ணாடியைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. வீக்கத்தில் பெரும் பகுதி இரண்டு மூன்று வாரத்தில் வடியும்; முகம் தன் முடிவான வடிவத்துக்கு வரச் சில மாதம் பிடிக்கும். கீழுதடும் மோவாயும் மரத்துப் போயிருக்கும், ஏனென்றால் அவற்றுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அறுக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே எலும்பைத் துளைத்து வெளிவருகிறது. அநேகருக்கு உணர்ச்சி மெல்லத் திரும்பும். சிலருக்கு ஓரளவு மரமரப்பு என்றைக்கும் நின்றுவிடுவது உண்டு. ஆரம்ப நாட்களில் கஞ்சி, பிறகு குழைந்த சாதம். நண்டை ஓட்டோடு கடிப்பது ஒன்றரை மாதத்துக்காவது ஆகாது. கூடை சுமப்பதும் குனிந்து வலை இழுப்பதும் வைத்தியர் சொன்ன பிறகுதான். புகையிலையும் புகையும் புண்ணை ஆறவிடா. அழகுக்காக மட்டும் செய்வதென்றால் காப்பீட்டுப் பணமும் பொதுவாகக் கிடைக்காது.

இவ்வளவையும் சொல்லிக்கொண்டு வந்தபோது, பெண் நமக்காகக் கொண்டுவந்த சுண்டலில் தானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கடலையாக, உதட்டை விரல் நுனியால் ஒதுக்கி, உள்ளே தள்ளினாள். நமக்குச் சந்தேகம் தட்டிற்று.

"அம்மா, உன் விரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியுமா?" என்று கேட்டோம்.

சாதாரணமாக எவருக்கும் முடியும். அவளுக்கு ஒரு விரலுக்கு மேல் போகவில்லை.

"அவ வாய் எப்பவும் சின்ன வாய்தான். நாலு வயசிலே படகு விளிம்பிலே மோவாய் பட விழுந்தா. ரத்தம் நின்னுடுச்சு, விட்டுட்டோம்" என்றாள் ஆயா. தூக்கத்தில் குறட்டை பலமாக வரும் என்று தம்பி சிரித்தான்.

சிரிக்கிற விஷயம் அல்ல அது. குழந்தைப் பருவத்தில் மோவாயில் படும் அடி, காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டை முறித்துவிடக்கூடும். கவனிக்காமல் விட்டால் மூட்டில் எலும்பு ஒட்டிக்கொள்ளும். வாய் திறப்பது வரவரக் குறையும். தாடையின் வளர்ச்சியும் தடைப்படும். உள்வாங்கிய மோவாய் அதன் வெளி அடையாளம் மட்டுமே. அப்படிப்பட்டவருக்கு மோவாயை மாத்திரம் முன்னே தள்ளினால் புகைப்படம் அழகாகலாம், வாய் திறக்காது. அதைவிட அபாயம், மயக்க மருந்து கொடுக்கும்போது சுவாசக் குழாயை வாய் வழியே செலுத்த இயலாது போவது. தக்க ஏற்பாடில்லாத இடத்தில் உயிருக்கே ஆபத்து. அடிபட்ட கதையை யாரிடமும் சொல்லாமல் அந்த விளம்பரக்காரரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

இவளுக்கு இருப்பது அந்த நோய்தான் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாம் வைத்தியர் அல்ல. படம் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் தாடை, முக ரண சிகிச்சை வைத்தியர்கள். சென்னையில் 1953-ல் ஏற்பட்ட அரசினர் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வடசென்னையில் ஸ்டான்லி இருக்கிறது. நோய் அதுவேயானால், முதலில் மூட்டை விடுவிப்பார்கள். பிறகு மாதக்கணக்கில், நோவைப் பொறுத்துக்கொண்டு, தினமும் வாயைத் திறந்து பழக வேண்டும். சோம்பினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மோவாயைச் சேர்த்தே திருத்துவதா, பின்னால் திருத்துவதா என்பது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. இது அழகுச் சிகிச்சைக் கணக்கில் சேர்ந்ததும் அல்ல. இஞ்சினை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம் என்று தகப்பனாரிடம் சொன்னோம்.

பெண் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது, "கொட்டாவி விடலாமா, அதுக்கப்புறம்?" என்று கேட்டாள்.

விடலாம் என்றோம்.

ஸ்டான்லி என்ற பெயர் ஆயாவுக்குப் பிடிபடவில்லை. "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்று பழைய பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "அதைச் சொல்லு! அங்கே போய் வந்தா இவ கஞ்சிதானே குடிக்கணும்? எத்தினி நாளைக்குன்னு கேட்டு வாங்கடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் பொன்னேரிக்கு முதல் பஸ் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.