வென்றும் மறைந்த ஒரு கழகம்

கொல்கத்தாவிலோ மும்பையிலோ வாழும் தமிழன்பர்கள் கால்பந்தாட்டத்தின் ஆரவாரத்தை நன்கறிவர். ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டு ஊதியம் பெறும் வீரர்களை இன்று நாம் வியப்புடன் நோக்குவதில்லை. ஆனால் விளையாட்டுக்குக் கூலி பெறுவது இழிவு என்று கருதிய காலமும் ஒன்றிருந்தது. அக்கருத்தை அசைத்துவிட்டுத் தானும் மறைந்துபோன ஓர் ஆங்கிலக் கழகத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

விக்டோரியா அரசியார் காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டம் பஞ்சாலைகளால் செழித்தது. அங்குள்ள பிளாக்பர்ன் நகரத்துத் தறிகளில் நெய்யப்பட்ட வேட்டிகள் கப்பலேறி நம் நாட்டுக் கடைவீதிகளுக்கு வந்தன. அந்நகரில் 1878-ஆம் ஆண்டு இரு சிறு கழகங்கள் ஒன்றிணைந்து ‘பிளாக்பர்ன் ஒலிம்பிக்’ என்னும் பெயர் பூண்டன. இக்கால ஒலிம்பிக் பந்தயங்கள் தோன்றுதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே சூட்டப்பட்ட பெயர் அது!

கழகத்தின் மைதானத்திற்கு அவ்வளவு பெருமைமிக்க பெயர் வாய்க்கவில்லை. ‘சுவரிலுள்ள துளை’ என்று பொருள்படும் பெயரையுடைய மதுவிடுதி ஒன்றின் அருகே அது அமைந்திருந்தது; ஆகவே விடுதியின் பெயரே மைதானத்திற்கும் வழங்கலாயிற்று. சனிக்கிழமைகளில் ஆலைகள் முற்பொழுதிலேயே ஓய, தொழிலாளர் திரளாக ஆட்டம் காணப் புறப்படுவர். அவர்கள் செலுத்திய நுழைவுக் கட்டணம் கழகத்தின் உயிர்நாடி.

அந்நாளில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பை, தென்னாட்டுச் செல்வர் கழகங்களுக்கே உரியதுபோல் இருந்தது. பெயர்பெற்ற ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள் 1879-இலும் 1882-இலும் அதனை வென்றிருந்தனர். செல்வர்க்கு ஆட்டம் பொழுதுபோக்கு. தொழிலாளியோ வெளியூர் சென்று ஆடினால் அன்றைய கூலியை இழப்பான். அவ்விழப்பை ஈடுசெய்வதையே சங்கம் ஐயத்தோடு நோக்கியது. வெளிப்படையான ஊதியமோ விதிக்கு முரணானது.

1883-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இறுதியாட்டம் நிகழ்ந்தது. ஒருபுறம் ஈட்டன் கனவான்கள். மறுபுறம் நெசவாளி, நூற்பாளி, குழாய் வேலை செய்பவர் ஆகியோர் அடங்கிய ஒலிம்பிக் அணி. இரும்பு வார்ப்பாலை உரிமையாளர் சிட்னி யேட்ஸ் பொருளுதவி செய்ய, ஷெபீல்டிலிருந்து வந்த அனுபவசாலி ஜாக் ஹண்டர் அணியைக் கடற்கரை நகராகிய பிளாக்பூலுக்கு அழைத்துச் சென்று பயிற்சியளித்திருந்தார். போட்டிக்கென்று தனித்துப் பயிற்சி பெறுவது அக்காலத்தில் புதுமை.

முதற்பாதியில் ஈட்டன் அணியின் குட்ஹார்ட் கோல் போட்டார். பின்னர் மாத்யூஸ் ஆட்டத்தைச் சமன் செய்தார். ஈட்டன் வீரர் ஒருவர் காயமுற்று வெளியேறினார். மாற்றாளை இறக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. மேலதிகமாக அளிக்கப்பட்ட அரைமணி நேரத்தில் நூற்பாலைத் தொழிலாளியான காஸ்ட்லி வெற்றி கோலை அடித்தார். தொழிலாளர் அணியொன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. அதன்பின் 1901 வரை தென்னாட்டுக் கழகம் எதுவும் அதனை வென்றதில்லை.

இவ்வெற்றி பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வடநாட்டுக் கழகங்கள் மறைமுகமாகக் கூலி கொடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு வலுத்தது. கழகங்கள் பிரிந்து செல்ல முனைந்தபோது, 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சங்கம் இணங்கி ஊதியத்தை அனுமதித்தது. ஆயினும் கோப்பைப் போட்டியில் ஊதிய வீரர் ஆடவேண்டுமானால், மைதானத்திற்கு ஆறு மைல் தொலைவுக்குள் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் இரண்டாண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என விதித்தது. பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றோர்க்கு இத்தகைய விதியின் கடுமை சொல்லாமலே விளங்கும்.

வழி திறந்தது, ஆனால் திறந்தவர்க்கு அது பயன்படவில்லை. ஊதியம் முறையானபின் செல்வமுள்ள கழகமே சிறந்த வீரரை ஈர்க்கும் அன்றோ? அதே நகரின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகம் 1884, 1885, 1886 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து கோப்பையை வென்றது. மக்கள் கூட்டம் அப்பக்கம் சாய, ஒலிம்பிக்கின் வருவாய் சுருங்கிற்று. 1888-இல் பன்னிரண்டு கழகங்கள் கூடிக் கால்பந்து லீக் அமைத்தபோது, பிளாக்பர்னிலிருந்து இடம்பெற்றது ரோவர்ஸ் மட்டுமே. நிலையான ஆட்டங்களும் நிலையான வருவாயும் இன்றி ஒலிம்பிக் 1889-இல் கலைந்தது. கோப்பை வென்று ஆறே ஆண்டுகள்! அதன் மைதானமிருந்த இடத்தில் பிற்காலத்தில் கல்விக்கூடம் ஒன்று எழுந்தது.

இதிலிருந்து நாம் உணரத்தக்கது யாது? திறமை ஒருநாள் வெற்றியைத் தரலாம். நீடித்து வாழ்வதற்கோ வருவாயும் இடமும் வேண்டும். ஒலிம்பிக்குக்கு அவை வாய்க்கவில்லை. எனினும், உழைப்பவன் தன் ஆட்டத்திற்கும் உரிய விலை கேட்கலாம் என்ற நெறி நிலைத்துவிட்டது. இன்று ஊதியம் பெற்றுக் களமிறங்கும் ஒவ்வொரு வீரரும், அறிந்தோ அறியாமலோ, அந்நெசவாளர்க்கும் நூற்பாளர்க்கும் கடன்பட்டவரே.