ஐந்து வயதோடு முடியாத மொண்டிசோரி

நம் கிராமங்களில் மொண்டிசோரி என்றால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் போகும் பாலர் பாடசாலை என்றே பொருள். அது ஓர் அம்மையாரின் பெயர் என்பதைப் பலர் அறியார். மரியா மொண்டிசோரி ஒரு மருத்துவர். உரோமை நகரில் சான் லொறென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 1907இல் முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் பெயரை நாம் பலகையில் எழுதிக்கொண்டோம். அவர் சொன்னவற்றில் காற்பங்கையே எடுத்துக்கொண்டோம்.

காற்பங்கு என்பது வெறும் பேச்சன்று. பிறப்பு முதல் 24 வயது வரையான வளர்ச்சியை, பருவத்துக்கு ஆறு ஆண்டுகளாக, நான்கு பருவங்களாக அவர் வகுத்தார். ஒரு பருவத்துக்கு உகந்த முறை அடுத்த பருவத்துக்கு உதவாது என்பது அவர் கண்ட உண்மை.

முதற் பருவத்தில் பிள்ளை கையாலும் புலன்களாலும் கற்கிறது. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவியே அவரது பிள்ளைகள் எழுத்தை அறிந்தனர். ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் மறுநாளே கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுகிறோமே!

ஆறு வயதுக்குப் பின் பிள்ளை 'ஏன்?' என்றும் 'இது நியாயமா?' என்றும் கேட்கத் தொடங்குகிறது, கூட்டாளிகளைத் தேடுகிறது. அந்த வயதில்தான் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று மாலை வேளையையும் வார இறுதியையும் ரியூசனுக்குக் கொடுத்து, கூட்டாளியைப் போட்டியாளனாக்கி விடுகிறோம்.

இங்கே நமது சிறிய பாடசாலைகளுக்கு ஒரு செய்தி உண்டு. ஆசிரியர் பற்றாக்குறையால் இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக இருத்திப் படிப்பிப்பதைக் குறையாகவே கருதுகிறோம். மொண்டிசோரியோ ஆறு முதல் ஒன்பது வயதினரையும், ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினரையும் வேண்டுமென்றே ஒன்றாக வைத்தார். பெரியவன் சிறியவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தானும் தெளிகிறான். ஆனால் கற்றல் உபகரணமும் பயிற்சியும் இல்லாமல் ஓர் ஆசிரியரை மூன்று கரும்பலகைகளுக்கிடையே ஓடவிடுவது மொண்டிசோரி முறை ஆகாது. அது வறுமைதான்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றி அவர் சொன்னதே நம்மை அதிகம் தொடவேண்டியது. இவர்களை 'மண்ணின் பிள்ளைகள்' என்று அழைத்து, இவர்களுக்குக் கமமும் கடையும் விருந்தினர் விடுதியும் வேண்டும் என்றார். எல்லோரையும் கமக்காரராக்குவது நோக்கமன்று. உழைத்து, விற்று, கணக்குப் பார்க்கையில் விஞ்ஞானமும் சமூக வாழ்வும் ஒருங்கே விளங்கும். தன்னாலும் முடியும் என்ற துணிவும் வரும்.

பாடசாலைத் தோட்டம் பல இடங்களில் உண்டு. மாணவர் சொன்னபடி தண்ணீர் ஊற்றுகிறார்கள். விதைக்கும் பசளைக்கும் எவ்வளவு செலவானது, கத்தரிக்காய் சந்தையில் என்ன விலை போனது, என்ன மிஞ்சியது என்ற கணக்குக் கொப்பி யார் கையில் இருக்கிறது? அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் இதைக் கேட்கலாம்.