மூட்டு மிகைநெகிழ்வும் முதுமையும்

மூட்டுகள் இயல்பான அளவைக் கடந்து வளையும் தன்மை மூட்டு மிகைநெகிழ்வு எனப்படும். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்வாக இருப்பது இதற்கு முக்கியக் காரணம். பலருக்கு இதனால் தொல்லை இல்லை. சிலருக்கு வலியும் மூட்டு விலகலும் ஏற்படும்.

இதை அளக்கப் பயன்படும் பெய்ட்டன் அளவுகோலுக்கு 9 மதிப்பெண்கள். சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக 8. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் 1.

வயது ஏறினால் மூட்டுகள் இறுகி, மதிப்பெண் குறையும். எனவே 2017 இல் வெளியான எலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகை வரையறையில், 50 வயது வரையுள்ள பெரியவர்களுக்கு 5 எனவும் அதைக் கடந்தோருக்கு 4 எனவும் வரம்பு உள்ளது. இளமையில் மூட்டுகள் எவ்வளவு வளைந்தன என்பதும் கேட்டறியப்படுகிறது. ஆகவே, இன்று விறைப்பால் அவதிப்படும் முதியவர் தம் பழைய நெகிழ்வையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் தசைகள் மெலிந்து, மூட்டுகளுக்குத் தாங்குதல் குறையும். இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்துவது நல்லது.