மூச்சு வாங்கினாலும் நடக்கலாம்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் உடற்பயிற்சியும் உணவும்

எங்கள் நுரையீரல் மருத்துவப் பிரிவுக்கு, மகளின் கையைப் பற்றியபடி 58 வயது அம்மையார் ஒருவர் வந்தார். அவர் ஒருநாளும் புகைபிடித்தவர் அல்லர். ஆனால் முப்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர். மருத்துவச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவருக்கு இருப்பது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. இன்ஹேலர் மருந்தை அவர் ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. ஆயினும் ஓராண்டாக மூச்சிரைப்பு கூடிக்கொண்டே வந்தது. உடல் எடையும் ஆறு கிலோ குறைந்திருந்தது.

"அம்மாவை நாங்கள் எந்த வேலையும் செய்ய விடுவதில்லை, டாக்டர். சாப்பாடுகூடக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். அப்படியிருந்தும் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?" என்று மகள் கேட்டார்.

இதே கேள்வியை வாரந்தோறும் பல குடும்பங்களிடமிருந்து கேட்கிறோம். அதற்கான விடையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஓய்வு ஏன் மூச்சிரைப்பைக் கூட்டுகிறது?

இந்நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே நோயாளிக்குக் கடினமாகிறது. முந்தைய மூச்சின் காற்று முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருப்பதால், நெஞ்சு நிரம்பி அடைத்துக்கொண்டதுபோன்ற உணர்வு ஏற்படுகிறது. நடக்கும்போது மூச்சு வேகமாவதால் இவ்வுணர்வு மிகுகிறது.

இது அச்சமூட்டும் அனுபவம். எனவே நோயாளி நடையைக் குறைக்கிறார்; குடும்பத்தினரும் அதையே விரும்புகின்றனர். ஆனால் பயன்படாத தசை விரைவில் மெலியும். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்துடன் இருந்த முதியோர் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருந்தபோது, அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. நோயுற்றவர் பல மாதங்கள் கட்டிலிலேயே இருந்தால் இழப்பு எவ்வளவு இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வலுவிழந்த கால் தசை சிறிது நடந்தாலே களைத்துவிடும். அதில் லாக்டிக் அமிலம் விரைவில் சேரும். அதை ஈடுசெய்ய உடல் இன்னும் வேகமாக மூச்சுவிடத் தூண்டப்படும். ஆகவே நேற்று இருபது அடி நடந்தபோது வந்த இரைப்பு, இன்று பத்து அடியிலேயே வந்துவிடுகிறது. நோயாளி மேலும் ஒடுங்குகிறார்; தசை மேலும் மெலிகிறது. நுரையீரலில் ஏற்பட்ட சிதைவை எங்களால் நீக்க இயலாது. கால் தசைகளின் வலுவை மீட்க இயலும். இந்தச் சுழலை அறுப்பதற்கான இடம் அதுவே.

பயிற்சியால் என்ன கிடைக்கும்?

2015-இல் காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பீட்டில், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஆறு நிமிடங்களில் சராசரியாக 44 மீட்டர் கூடுதலாக நடந்தனர். அவர்களுடைய மூச்சிரைப்பும் சோர்வும் குறைந்தன. 44 மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றலாம். கழிவறைக்குச் செல்லவே துணை தேடும் ஒருவருக்கு, அது தெருமுனைக் கடைவரை தாமே போய்வரும் தன்னம்பிக்கையாக அமையக்கூடும்.

ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் வரும் எண், பயிற்சியால் பெரிதும் மாறாது. அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். இந்நோயாளிகளின் எதிர்காலத்தைக் கணிக்க 2004-இல் உருவாக்கப்பட்ட 'போட்' குறியீடு நான்கு கூறுகளைக் கொண்டது: உடல் எடை, காற்றடைப்பின் அளவு, மூச்சிரைப்பு, ஆறு நிமிட நடைத் தொலைவு. இவற்றுள் காற்றடைப்பு ஒன்று மட்டுமே ஸ்பைரோமெட்ரி காட்டுவது. மற்ற மூன்றையும் உணவும் பயிற்சியும் தொட முடியும்.

எவ்வாறு தொடங்குவது?

முதலில் எங்களிடம் ஒரு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். இதயத்தின் நிலை, நடக்கும்போது குருதியில் ஆக்சிஜன் அளவு, ஆறு நிமிடங்களில் நடக்கும் தொலைவு ஆகியவற்றைக் கண்டறிந்த பின்னரே பயிற்சியின் அளவை முடிவுசெய்கிறோம். இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் வாரத்துக்கு இரண்டு மூன்று அமர்வுகளாக, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பயிற்சி நடைபெறும். மற்ற நாள்களில் வீட்டிலேயே செய்யலாம்.

மூச்சுவிடும் முறை: மூக்கின் வழியாக இரண்டு எண்ணும் நேரம் மூச்சை இழுங்கள். பின்னர் உதடுகளைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவதுபோல் மெதுவாக நான்கு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். குவிந்த உதடுகள் மூச்சுக்குழாய்கள் முன்கூட்டியே மூடிக்கொள்ளாமல் காக்கின்றன. படியேறும்போதும் குடத்தைத் தூக்கும்போதும், முயற்சி செய்யும் அந்தக் கணத்தில் மூச்சை வெளியே விடுங்கள்.

நடை: தொடர்ந்து நடக்க இயலாதவர் இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் நின்று, மீண்டும் நடக்கலாம். மூச்சிரைப்பே இல்லாத நிலையை 0 என்றும், தாங்க முடியாத நிலையை 10 என்றும் கொண்டால், பயிற்சியின்போது 4 முதல் 6 வரை இருப்பது தகும். சிறு சிறு வாக்கியங்களாகப் பேச முடிய வேண்டும். சில நிமிட ஓய்வில் மூச்சு தணிய வேண்டும். இந்த அளவு மூச்சிரைப்பு தீங்கானதன்று. தசை வேலை செய்வதன் அறிகுறி அது.

தசைப் பயிற்சி: கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதை ஐந்து முறை செய்து, நாளடைவில் பத்தாக உயர்த்துங்கள். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். தலைவாருதல், துணி உலர்த்துதல் போன்ற வேலைகளில் வரும் இரைப்பு இதனால் குறையும்.

உணவுத் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

இந்நோயில் மூச்சுத் தசைகள் ஓயாமல் கூடுதலாக உழைக்கின்றன. அதற்கே உடலின் ஆற்றல் செலவாகிறது. உண்ணும்போதும் இரைப்பதால் பலர் பாதியிலேயே கையைக் கழுவிவிடுகின்றனர். போதிய உணவின்றிப் பயிற்சி மட்டும் செய்தால் தசை வளராது.

நாட்பட்ட நோயுள்ள முதியோருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை நாள்தோறும் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம். காலையில் இரண்டு இட்லி, பகலில் ரசம் சோறு, இரவில் கஞ்சி என்று உண்பவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் ஏறக்குறைய 6 கிராம், 30 கிராம் பருப்பிலோ வேர்க்கடலையிலோ 6 முதல் 7 கிராம், 100 கிராம் மீனில் 18 கிராம் அளவில் புரதம் உண்டு. கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையிலும் ஏதேனும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எங்களிடம் கேட்ட பின்னரே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சைத் தடுக்கும். எனவே மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு சிறிய வேளைகளாக உண்ணுங்கள். உண்பதற்கு முன் சிறிது ஓய்வெடுங்கள். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரைப் பயன்படுத்திய பின் வாயைக் கொப்பளியுங்கள். இல்லையேல் வாயில் பூஞ்சை படர்ந்து உணவின் சுவை கெடும்.

பால், தயிர், வாழைப்பழம் ஆகியவை சளியை உண்டாக்கும் என்று பல வீடுகளில் நிறுத்திவிடுகின்றனர். பால் எச்சிலுடன் கலந்து தொண்டையில் சற்றுக் கெட்டியாக உணரப்படலாம். ஆனால் நுரையீரலில் சளியைப் பெருக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒவ்வாமை இல்லாதவர்கள் இவற்றைத் தாராளமாக உண்ணலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், உதடு நீலம் பூத்தல், மனக்குழப்பம், பத்து நிமிட ஓய்விலும் தணியாத இரைப்பு, ஆக்சிமீட்டரில் அளவு 88-க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சளியின் நிறம் மாறி அளவு கூடினாலோ பயிற்சியை ஒத்திவைத்து எங்களைப் பாருங்கள். நோய் முற்றி மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்கள், வீடு திரும்பிய நான்கு வாரங்களுக்குள் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. புகைபிடிப்பவர் அதை விட்டாக வேண்டும். விறகடுப்பின் புகையிலிருந்தும் நோயாளியை விலக்கி வையுங்கள். இன்ஹேலரும் தடுப்பூசியும் தொடர வேண்டும்.

உடனிருப்போருக்கு

மேலே கூறிய அம்மையாரின் மகளிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது இதுதான்: உணவைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், தட்டை மேசையில் வைத்துவிட்டு, அம்மா நடந்து வரும்வரை காத்திருங்கள். அவர் வழியில் நின்று மூச்சு வாங்குவார். பதறி ஓடாமல் அருகில் நின்று, உதடு குவித்து மூச்சுவிட நினைவூட்டுங்கள். பார்த்துக்கொண்டு நிற்பது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம்.

முதல் வாரம் அம்மையார் மகளைக் கோபித்துக்கொண்டாராம். பத்து வாரங்களுக்குப் பின் வந்தபோது அவருடைய ஸ்பைரோமெட்ரி எண் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. வாகன நிறுத்துமிடத்திலிருந்து எங்கள் அறைவரை, நடுவில் இருமுறை நின்று, அவர் தாமே நடந்து வந்தார். மகள் கைப்பையை மட்டும் தூக்கி வந்தார்.

அடுத்த முறை வரும்போது உங்கள் மருந்துச் சீட்டுடன், வீட்டில் நாள்தோறும் எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள், என்ன உண்கிறீர்கள் என்பதையும் எழுதி வாருங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்பதைச் சேர்ந்தே முடிவுசெய்வோம்.