மலைக்கு ஒரு கார்! வாங்கும் முன் யோசியுங்கள்!

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே போக வண்டிப் பாதை கிடையாது. நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில்தான் மோட்டார் பாதை வந்தது.

இன்று வத்தலக்குண்டு வழியாகவும் போகலாம். பழனி வழியாகவும் போகலாம். பண்ணைக்காட்டிலும், தாண்டிக்குடியிலும், பூம்பாறையிலும் உள்ள குடும்பங்கள் கார் வாங்க ஆசைப்படுகின்றன. ஆசை நியாயமானது. ஆனால் பல வருடச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறுகிறது. அன்று கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

சமதளத்தில் ஓட்டினால் போதுமா?

கார்க் கடை பெரும்பாலும் திண்டுக்கல்லிலோ, மதுரையிலோ இருக்கும். கடைக்காரர் நல்ல ரோட்டில் இரண்டு மைல் ஓட்டிக் காட்டுவார். கார் பூப்போல ஓடும். அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்!

உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். சாதாரண எஞ்சின், ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு 3 பங்கு வீதம் பலம் இழக்கும். கொடைக்கானலில் ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும்! டர்போ எஞ்சினுக்கு இந்த இழப்பு குறைவு.

ஆகவே வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளம்புகிறதா என்று பாருங்கள். திண்டுக்கல்காரர்களுக்குச் சிறுமலைப் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குச் சம்மதிக்காவிட்டால், ஒரு மேம்பாலமாவது ஏறிப் பாருங்கள்.

இறக்கம் இன்னும் முக்கியம். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பாடம். எப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால், இறக்கத்தில் கியரைக் குறைத்து வைக்க வசதி உண்டா என்று கேளுங்கள்.

விலை எது?

விளம்பரத்தில் உள்ள விலை வேறு. கார் ரோட்டுக்கு வரும் விலை வேறு. ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்சு எல்லாம் சேரும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வந்த விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி நூற்றுக்கு 13. பத்து லட்சத்தைத் தாண்டினால் 18! கொஞ்சம் விலை கூடினாலும் வரி தாவிவிடும்.

ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். “கையாளும் செலவு” என்று ஒரு தொகை இருந்தால், எதற்கு என்று கேளுங்கள். கடைக்காரர் காட்டும் இன்சூரன்சைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியிலும் விலை விசாரியுங்கள்.

8 பெரிதா? 10 பெரிதா?

கடனில் பலர் ஏமாறும் இடம் இது. 6 லட்சம் ரூபாய்க் கடன், 5 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம்.

“வட்டி 8 தான்” என்று ஒருவர் சொல்கிறார். ஆனால் கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டி போடுகிறார். மொத்த வட்டி 2 லட்சத்து 40 ஆயிரம்.

இன்னொருவர் 10 வட்டி சொல்கிறார். ஆனால் கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்குத்தான் வட்டி. மொத்தம் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம்.

8 சொன்னவரிடம் வாங்கினால் 75 ஆயிரம் நஷ்டம்! ஆகவே வட்டி எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். “கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேளுங்கள்.

பகலில் பாருங்கள்

பூமாலை போட்டு, சாவி கொடுத்து, படம் எடுக்கும் நேரத்தில் கார் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள்.

வண்ணத்தில் கீறல் உண்டா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? டயரில் 4 இலக்க எண் இருக்கும். 1225 என்றால், 2025-ம் ஆண்டின் 12-வது வாரத்தில் செய்த டயர். விற்பனைச் சான்றான 21-ம் நம்பர் படிவத்தில் கார் தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். போன வருட வண்டி என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சர்வீசுக்கு மலையிலிருந்து எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்பதையும் விசாரியுங்கள். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே மட்டும் 64 கிலோமீட்டர்!

ஏமாற்றினால்?

வாயால் சொன்ன வாக்குறுதி காற்றோடு போகும். இலவசப் பொருளானாலும், தள்ளுபடியானாலும், காரைத் தரும் தேதியானாலும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

குறை இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கே உங்களுக்காகப் பேசுவது ரசீதுதான்.

“இன்றே பணம் கட்டினால்தான் இந்த விலை” என்று யாராவது அவசரப்படுத்தினால், வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு நாள் யோசியுங்கள். கார் எங்கும் ஓடிப்போகாது!